குழந்தைக்குச் செஸ் கோச் தேடுவது எப்படி? வீட்டுப் பலகையிலிருந்து முதல் டோர்னமென்ட் வரை

"அக்கா, பையனைச் செஸ்ஸில் சேர்க்கணும். நல்ல கோச் யாராவது தெரியுமா?"

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதிலிருந்து மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிப் போன் செய்கிறார்கள். நான் கோச் இல்லை. ரேட்டிங் (ஆட்டத்தின் பலத்தைக் காட்டும் எண்) உள்ள ஆட்டக்காரியும் இல்லை. தாம்பரம் பக்கம் இருக்கும் ஒரு அம்மா. ஐந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை ஏதாவது ஒரு பள்ளிக்கூட ஹாலுக்குள் அனுப்பிவிட்டு, வெளியே வராந்தாவில் தயிர்சாத டப்பாவோடு காத்திருக்கிறேன். அந்த வராந்தாவில் மற்றப் பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்ததும், நாங்களே பட்டுத் தெரிந்ததும்தான் கீழே இருப்பவை.

போனில் கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "பையனுக்கு யானை எப்படிப் போகும்னு தெரியுமா?" "அதைத்தானே கோச் சொல்லித் தரணும்" என்று பாதிப் பேர் சொல்வார்கள். அதற்குக் கோச் வேண்டாம்.

தமிழ்நாட்டில், அதுவும் சென்னையில், செஸ் கிளாஸுக்குப் பஞ்சமே இல்லை. தெருவுக்கு ஒரு போர்டு தொங்குகிறது. ஆனால் உங்கள் பிள்ளை தோற்ற ஆட்டத்தைப் பலகையில் மறுபடி அடுக்கி, பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த இடத்தில் என்ன யோசிச்சே?" என்று கேட்கும் ஆட்கள் குறைவு. அப்படி ஒருவரைத் தேடுவதைத்தான் கோச் தேடுவது என்கிறேன்.

முதல் படி: இரண்டு மூன்று மாதம் வீட்டிலேயே

ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தது அவருடைய அம்மா. காய்கள் எப்படி நகரும், செக் என்றால் என்ன, செக்மேட் என்றால் என்ன என்பதை எந்த வீட்டிலும் ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். உங்களுக்கே தெரியாவிட்டால் பிள்ளையோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அம்மாவைத் தோற்கடிக்கும் சந்தோஷத்துக்காகவே என் மகள் முதல் இரண்டு மாதம் ஆடினாள்.

பலகை வாங்கும்போது காந்தம் ஒட்டிய சின்னப் பலகை வேண்டாம். அது ரயிலில் ஆடுவதற்கு. சுருட்டி வைக்கக்கூடிய ரெக்ஸின் விரிப்பும் கனமான பிளாஸ்டிக் காய்களும் போதும். ராஜாவின் உயரம் ஏறக்குறைய மூன்றே முக்கால் அங்குலம் இருக்கட்டும். டோர்னமென்டில் கிடைப்பது அந்த அளவுதான், கண் இப்போதே பழகிவிடும். ஓரத்தில் ஏ முதல் எச் வரை எழுத்தும் 1 முதல் 8 வரை எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பின்னால் நோட்டேஷன் (ஆடிய நகர்த்தல்களைக் குறித்துவைக்கும் முறை) எழுதப் பழகுவது கஷ்டம்.

தாத்தா உள்ள வீடுகளில் ஒரு எச்சரிக்கை. பழைய நம்மூர் ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாண்டலாம். பெயர்களும் மாறும். சில வீட்டில் ராணிக்குத்தான் மந்திரி என்று பெயர், சில வீட்டில் மூலைவாட்டில் போகும் பிஷப்புக்கு. தாத்தாவோடு ஆடுவதைத் தடுக்க வேண்டாம், அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் டோர்னமென்ட் விதி வேறு என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது), சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் ராணியாவது, போகிற போக்கில் சிப்பாயை வெட்டும் அந்த விநோத விதி (ஆன்பாசான்) மூன்றையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

முதல் நாளே 32 காய்களையும் அடுக்கி ஆட வைக்காதீர்கள். பிள்ளைக்குத் தலை சுற்றும். இரண்டு பக்கமும் எட்டெட்டுச் சிப்பாய் மட்டும் வைத்து, யார் முதலில் கடைசி வரிசைக்குப் போகிறார்கள் என்று ஆடுங்கள். அடுத்த வாரம் ராஜாவைச் சேருங்கள். அப்புறம் இரண்டு யானையை வைத்து ஒற்றை ராஜாவை வரிசை வரிசையாக ஓரத்துக்குத் தள்ளி மேட் செய்யச் சொல்லுங்கள். அதை உதவி இல்லாமல் செய்துவிட்டால் பிள்ளை கிளாஸுக்குத் தயார்.

வயதைப் பற்றி நிறையக் கவலைப்படுகிறார்கள். "ஏழு வயசாயிடுச்சு, லேட்டா?" குகேஷ் ஆடத் தொடங்கியதே ஏழு வயதில்தான், அதுவும் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். என் கணக்கில் வயது முக்கியமில்லை. பிள்ளை இருபது நிமிடம் நாற்காலியில் இருக்கிறதா, தோற்ற பிறகு "இன்னொரு ஆட்டம்" என்று கேட்கிறதா, இரண்டையும் கவனியுங்கள். தோற்றதும் பலகையைக் கவிழ்க்கிறது என்றாலும் பரவாயில்லை. கவிழ்த்த பிறகு திரும்பி வருகிறதா என்பதுதான் விஷயம்.

இரண்டாம் படி: எதற்காக என்று உங்களுக்குள் பேசி முடியுங்கள்

பிள்ளையிடம் கேட்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டியது இது. டிவியைக் குறைக்கவா, மாலை வேளைக்கு ஒரு நல்ல பழக்கமா, இல்லை போட்டிக்கா? டிவியைக் குறைக்க என்பது சின்னக் காரணம் இல்லை. வைஷாலியை அவருடைய பெற்றோர் செஸ்ஸில் சேர்த்தது அதற்காகத்தான். அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் ஆட வந்தார். இன்று இருவரும் செஸ்ஸின் உச்சப் பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டம் உள்ளவர்கள், உலகிலேயே முதல் அக்கா தம்பி ஜோடி.

பொழுதுபோக்குக்கு என்றால் பள்ளியிலோ பக்கத்துத் தெருவிலோ வாரம் ஒரு கிளாஸ் போதும், கீழே எழுதியதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. போட்டிக்கு என்றால் ஞாயிற்றுக்கிழமைகளை மறந்துவிடுங்கள். குகேஷோடு டோர்னமென்டுகளுக்குப் போவதற்காக அவருடைய அப்பா தன் மருத்துவத் தொழிலையே நிறுத்திவைத்தார். எல்லோராலும் அது முடியாது, எல்லோருக்கும் அது தேவையும் இல்லை. முதல் வருடத்தில் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவெடுக்காமல் விட்டுவைப்பதுதான் என் யோசனை.

மூன்றாம் படி: தேட வேண்டிய இடங்கள்

பிள்ளையின் பள்ளியில் முதலில் விசாரியுங்கள். நிறையப் பள்ளிகளில் சாயங்காலம் செஸ் கிளாஸ் நடக்கிறது. கட்டணம் குறைவு, அலைச்சல் இல்லை. குறை என்னவென்றால் முப்பது பிள்ளைக்கு ஒரு கோச் இருப்பார், யுகேஜி பிள்ளையும் ஏழாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே அறையில் இருப்பார்கள். ஆரம்பத்துக்கு அது சரி. பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தாலும் உடற்கல்வி ஆசிரியரிடம் பேசுங்கள். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளிலும் முதலமைச்சர் கோப்பையிலும் செஸ் இருக்கிறது. பெயர் கொடுப்பது அவர் வழியாகத்தான்.

அடுத்தது மாவட்டச் செஸ் சங்கம். தமிழ்நாடு மாநிலச் செஸ் சங்கம் 1947இல் தொடங்கியது, அதன் கீழ் மாவட்டம்தோறும் சங்கம் இருக்கிறது. எந்த ஊரில் யார் சொல்லித்தருகிறார்கள், அடுத்த டோர்னமென்ட் எங்கே என்பது சங்கச் செயலாளருக்குத் தெரியாமல் இருக்காது. மதுரை, கோவை போன்ற பெரிய ஊர்களை விடுங்கள், சின்ன ஊர்க்காரர்களுக்கு இதுதான் நேரான வழி. சென்னையின் செஸ் மரபே இப்படி மன்றங்களில்தான் வளர்ந்தது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மேனுவல் ஆரோன் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் 1972இல் டால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். சிறுவன் ஆனந்த் ஆடி வளர்ந்தது அங்கேதான். காசு கட்டிக் கற்பதைவிட, பலமான ஆளோடு எதிரே உட்கார்ந்து தோற்றுத் தோற்றுக் கற்ற காலம் அது.

ஆனால் கோச் தேட மிகச் சிறந்த இடம் டோர்னமென்ட் நடக்கும் ஹாலின் வாசல் என்பேன். பிள்ளையை ஆட விடாமலேயே ஒரு ஞாயிறு சும்மா போய்ப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் ஆடுபவர்களுக்குத்தான், வேடிக்கை பார்க்க யாரும் காசு கேட்பதில்லை. ஒவ்வொரு ரவுண்ட் முடிந்ததும் பிள்ளைகள் வெளியே ஓடிவரும். யாரிடம் ஓடுகின்றன என்று கவனியுங்கள். சில கோச்கள் மரத்தடியில் பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை வந்ததும் ஆட்டத்தை அடுக்கிப் பார்ப்பார்கள், தோற்ற பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கொடுப்பார்கள். சிலர் ஜெயித்த பிள்ளையோடு போட்டோ எடுப்பதோடு சரி. இந்த ஒரு காட்சி உங்களுக்கு எந்த விளம்பரமும் சொல்லாததைச் சொல்லும். மரத்தடிக் கோச்சிடம் போய்ப் பெயரும் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள்.

டோர்னமென்ட் முடிவுகள் பெரும்பாலும் செஸ்-ரிசல்ட்ஸ் என்ற தளத்தில் அன்றைக்கே ஏறிவிடும். உங்கள் மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு நடந்த நான்கைந்து போட்டிகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். முதல் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டாம். ஒரே பிள்ளையின் பெயரை ஆறு மாதத்துக்கு முந்தைய பட்டியலிலும் இப்போதையதிலும் தேடுங்கள். 60ஆவது இடத்திலிருந்த பிள்ளை 25க்கு வந்திருந்தால், அது யாரிடம் படிக்கிறது என்று விசாரியுங்கள். ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு பேனரில் போடுவது எல்லா அகாடமியும் செய்வதுதான்.

ஆன்லைன் கிளாஸ்? தொடக்க நிலைக்கு எனக்கு இஷ்டமில்லை. ஏழு வயதுப் பிள்ளை திரையில் கிளிக் செய்து ஆடப் பழகிவிட்டு, உண்மையான பலகைக்கு எதிரே உட்கார்ந்தால் மூலைவாட்டுத் தாக்குதல் கண்ணில் படாது. என் மகளுக்கே அது நடந்தது. ஆனால் பக்கத்தில் ஆள் கிடைக்காத ஊர் என்றால், அல்லது பிள்ளை ஓரளவு தேறிய பிறகு, ஆன்லைன் ஒரு வரம். அப்போதும் திரைக்கு முன்னால் நிஜப் பலகையை வைத்து, கோச் சொல்வதை அதில் அடுக்கச் சொல்லுங்கள்.

நான்காம் படி: கோச்சின் தகுதியைப் பார்ப்பது

ரேட்டிங், பட்டம் எல்லாவற்றையும் ஃபிடே என்ற உலகச் செஸ் கூட்டமைப்பின் தளத்தில் பெயரைப் போட்டு யாரும் பார்க்கலாம். "இன்டர்நேஷனல் பிளேயர்" என்று போர்டில் எழுதியிருந்தால் அது பட்டமே இல்லை. ஃபிடே ரேட்டிங் உள்ள எவரும் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். கேண்டிடேட் மாஸ்டர், ஃபிடே மாஸ்டர், இன்டர்நேஷனல் மாஸ்டர், கிராண்ட்மாஸ்டர் ஆகியவைதான் பட்டங்கள். பெண்களுக்கென்று தனிப் பட்டங்களும் உண்டு. இவை ஆட்டத்துக்கு. சொல்லித்தருவதற்கு ஃபிடே தனியாகப் பயிற்சியாளர் பட்டங்கள் கொடுக்கிறது. அதன் உச்சம் சீனியர் டிரெய்னர். பிரக்ஞானந்தா, வைஷாலி இருவரையும் வளர்த்த ஆர்.பி. ரமேஷ் அந்தப் பட்டம் உள்ளவர்.

இப்போது தொடக்க நிலைப் பிள்ளைக்கு இதெல்லாம் எவ்வளவு வேண்டும்? கொஞ்சம்தான். ஃபிடே ரேட்டிங்கின் அடிமட்டம் 2024 மார்ச்சிலிருந்து 1400. 1600, 1700 உள்ள ஒரு கல்லூரி மாணவர், பிள்ளைகளோடு பொறுமையாகப் பேசத் தெரிந்தவர் என்றால், முதல் இரண்டு வருடத்துக்கு அவரே போதும். காய் நகர்த்தத் தெரிந்த பிள்ளையைக் கிராண்ட்மாஸ்டரிடம் அனுப்புவது, அ ஆ எழுதப் பழக யுனிவர்சிட்டிப் பேராசிரியரைத் தேடுவது மாதிரி. பிள்ளையின் ரேட்டிங் ஏறி, கோச்சின் பலத்தை நெருங்கும்போது அடுத்தவரைப் பார்க்கலாம்.

போனிலேயே நான்கு கேள்வி கேளுங்கள். ஒரு பேட்ச்சில் எத்தனை பிள்ளை? பிரிப்பது வயதை வைத்தா, ஆட்டத்தை வைத்தா? ஒரு கிளாஸில் பிள்ளைகள் எவ்வளவு நேரம் ஆடும்? டோர்னமென்டில் ஆடிய ஆட்டங்களை எப்போது பார்ப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு "அதுக்குத் தனி கிளாஸ் எடுத்துக்கணும் மேடம்" என்று பதில் வந்தால் யோசியுங்கள். "ஸ்கோர் ஷீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க, அடுத்த கிளாஸில் பார்க்கிறேன்" என்றால் நேரில் போய்ப் பாருங்கள்.

ஐந்தாம் படி: டிரையல் கிளாஸ்

இங்கேதான் நாங்கள் முதல் தடவை ஏமாந்தோம். ஏசி அறை, சுவரெல்லாம் கோப்பை, பெரிய திரை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஆறு மாதப் பணத்தையும் கட்டிவிட்டேன். இருபது பிள்ளைகள் திரையைப் பார்த்து ஒரு ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, பன்னிரண்டு மூவ் வரை ஒப்பிக்கும். என் மகளும் வீட்டில் திருப்புகழ் மாதிரி ஒப்பிப்பாள். முதல் டோர்னமென்டில் எதிரே உட்கார்ந்த பையன் மூன்றாவது மூவிலேயே அவள் படிக்காத ஒன்றை ஆடினான். அவ்வளவுதான், அதற்கு மேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஏழு ரவுண்டில் ஒன்றரைப் பாயின்ட். அடுத்த கிளாஸில் அந்த ஆட்டங்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகவே டிரையல் கிளாஸில் உட்கார்ந்து பாருங்கள், அனுமதிக்காத இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். பிள்ளை தப்பான பதில் சொன்னதும் கோச் என்ன செய்கிறார் என்று முக்கியமாகக் கவனியுங்கள். "தப்பு, அடுத்தவன் சொல்லு" என்று தாண்டுபவர் இருக்கிறார். "சரி, அதை ஆடிப் பாரு, நான் இப்படி ஆடினா என்ன பண்ணுவே?" என்று தப்பையே பலகையில் ஆடிக் காட்டுபவர் இருக்கிறார். இரண்டாமவரிடம் பிள்ளை தானே "ஐயோ, ராணி போயிடும்" என்று கண்டுபிடிக்கும். அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

என்ன பாடம் நடக்கிறது என்றும் பாருங்கள். தொடக்க நிலையில் பெரும்பகுதி நேரம் மேட் பசில்களிலும், ஃபோர்க் (ஒரே காயால் இரண்டு காயைத் தாக்குவது), பின் (பெரிய காயை மறைத்து நிற்கும் காயை நகரவிடாமல் கட்டுவது) போன்ற சின்னத் தந்திரங்களிலும், குறைந்த காய்களோடு ஆட்டத்தை முடிக்கும் எண்ட்கேமிலும் போக வேண்டும். ஓப்பனிங்கில் நடுவைப் பிடி, குதிரை பிஷப்பை வெளியே கொண்டுவா, காஸ்லிங் செய் என்பது போதும். நாலு மூவ் மேட்டைச் சொல்லிக்கொடுத்து "இதை வெச்சு எல்லாரையும் ஜெயிக்கலாம்" என்பவரிடம் எச்சரிக்கை. அதைத் தடுப்பது எப்படி என்று சொல்லித்தருபவர் நல்லவர்.

முடிந்தால் உங்கள் பிள்ளை வீட்டில் ஆடித் தோற்ற ஒரு ஆட்டத்தை, தத்தக்கா பித்தக்கா என்றாவது, எழுதி எடுத்துப் போங்கள். கோச்சிடம் கொடுத்து, "இதை ஒரு ஐந்து நிமிடம் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். காகிதத்தை வாங்கியதும் பிள்ளையைப் பார்த்துப் பேசுகிறாரா, உங்களைப் பார்த்துப் பேசுகிறாரா? இரண்டாவது தடவை நான் கோச்சைத் தேர்ந்தெடுத்தது இப்படித்தான். அவர் அறையில் கோப்பையே இல்லை. பத்து நிமிடம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இரண்டு வருடத்தில் ரேட்டிங் உத்தரவாதம்" என்று எவராவது சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பணம்

கட்டணம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். மாதக் கட்டணத்தைப் பார்க்காமல் மணிக்கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, மாதம் 2,000 ரூபாய், வாரம் இரண்டு கிளாஸ், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்றால் மணிக்கு 250. அதே 2,000க்கு வாரம் ஒரு கிளாஸ், ஒன்றரை மணி நேரம் என்றால் மணிக்கு 333. அதோடு பிள்ளை எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். நான்கு பேரில் ஒருவராக இருக்கும் ஒரு மணியும் இருபது பேரில் ஒருவராக இருக்கும் ஒரு மணியும் ஒன்றாகாது.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். மாதாமாதம் கட்டுவதாகச் சொல்லுங்கள். தனி கிளாஸ் முதல் வருடத்தில் வீண். இந்த வயதில் பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை வேண்டும், ஆட, சண்டை போட, பசிலை முதலில் முடிக்க. கிளாஸ் பணம் பாதிச் செலவுதான். டோர்னமென்ட் நுழைவுக் கட்டணம், பஸ், சாப்பாடு, வெளியூர் என்றால் தங்குவது எல்லாம் தனி. இருவரின் நேரத்தையும் தனித்தனியாகக் காட்டும் செஸ் கிளாக் உடனே வேண்டாம். ஒரு வருடம் கழித்து வாங்குங்கள்.

பாதுகாப்பு

சங்கடப்படாமல் கேட்க வேண்டியவை. கிளாஸ் நடக்கும் அறையின் கதவு திறந்திருக்குமா? தனி கிளாஸ் என்றால் பெற்றோர் அதே வீட்டில், பார்வையில் இருக்கலாமா? வெளியூர் டோர்னமென்டுக்குக் கோச்சோடு பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள், யாராவது ஒரு பெற்றோர் கூடப் போக வேண்டும். ஆன்லைன் கிளாஸ் ஹாலில் நடக்கட்டும், ஹெட்போன் இல்லாமல். கோச்சின் செய்திகள் உங்கள் போனுக்கு வர வேண்டும், பிள்ளையின் கணக்குக்கு இல்லை. இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் கோச் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் வேண்டாம். அடி, திட்டு, வேறு எதுவானாலும் பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

வீட்டில் வாரம் எப்படிப் போக வேண்டும்

வாரம் இரண்டு கிளாஸ் மட்டும் போய்வந்தால் பிள்ளை இரண்டு வருடத்துக்கு அதே இடத்தில்தான் நிற்கும். தினமும் பதினைந்து இருபது நிமிடம் பசில். வாரத்துக்கு ஒரு நீண்ட ஆட்டம், ஆளுக்கு அரை மணியாவது, நிஜப் பலகையில், எழுதிக்கொண்டே. இதற்கு மேல் முதல் வருடத்தில் வேண்டாம்.

லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளம் முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. பசிலுக்கு அதுவே போதும். சின்னப் பிள்ளைகளுக்கு அதில் சாட், செய்தி எல்லாவற்றையும் மூடிவிடும் கிட் மோட் இருக்கிறது. முதலில் அதைப் போட்டுவிடுங்கள். ஆனால் ஆன்லைனில் ஒரு நிமிட, மூன்று நிமிட ஆட்டம் வேண்டாம். யோசிக்காமல் கை போகும் பழக்கம் வந்துவிட்டால் அதைக் கழற்றக் கோச்சுக்கு ஆறு மாதம் ஆகும். எங்கள் வீட்டில் இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

ஆட்டத்தை அலசிச் சொல்லும் புரோகிராமான கம்ப்யூட்டர் என்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டம் முடிந்ததும் என்ஜினைப் போட்டுப் பார்த்தால் சிவப்பு, பச்சை என்று எல்லாத் தப்பையும் காட்டிவிடும். பெற்றோருக்கு அது வசதி, பிள்ளைக்கு நஷ்டம். குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை என்ஜின் இல்லாமல்தான் பயிற்சி செய்தார். அது அவருடைய கோச் விஷ்ணு பிரசன்னாவின் முடிவு. உலகச் சாம்பியனுக்கே அப்படி என்றால், நம் பிள்ளை முதலில் தானாக, "இங்கதான் தப்பா ஆடிட்டேன்னு நினைக்கிறேன்" என்று ஒரு இடத்தில் விரலை வைக்கட்டும். என்ஜின் அப்புறம்.

ஒரு 80 பக்க நோட்டு வாங்கி, தோற்ற ஆட்டங்களை மட்டும் அதில் எழுதச் சொல்லுங்கள். தேதி, எதிராளி பெயர், மூவ்கள், கடைசியில் ஒரே ஒரு வரி: எங்கே போனது.

முதல் டோர்னமென்ட்

கிளாஸ் சேர்ந்து நாலைந்து மாதத்தில் பக்கத்தில் பிள்ளைகளுக்கு நடக்கும் அன்ரேட்டட் (ரேட்டிங் கணக்கில் சேராத) போட்டி ஒன்றில் ஆட விடுங்கள். பெரும்பாலும் ஒரே நாளில் முடியும். ஜோடி போடுவது சுவிஸ் முறையில். தோற்றால் வெளியே போக வேண்டியதில்லை. எல்லா ரவுண்டும் ஆடலாம். அடுத்த ரவுண்டில் ஏறக்குறைய அதே பாயின்ட் உள்ள பிள்ளை எதிரே வரும். ஆகவே முதல் இரண்டு ரவுண்ட் தோற்ற பிள்ளைக்கு மூன்றாவதில் தனக்குச் சமமான ஆட்டம் கிடைக்கும். பிள்ளை அழுகிறதே என்று பாதியில் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள்.

ஆடும் முன் விதிகளை ஒருமுறை வீட்டில் ஒத்திகை பாருங்கள். தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும். காயைச் சரியாக வைக்க மட்டும் தொடுவதானால் தொடும் முன்பே "அட்ஜஸ்ட்" என்று சொல்ல வேண்டும். காஸ்லிங்கில் முதலில் ராஜாவைத் தொட வேண்டும். யானையை முதலில் தொட்டால் அந்தப் பக்கம் காஸ்லிங் கிடையாது, யானையைத்தான் ஆட வேண்டும். எத்தனையோ பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்ளும். எந்தக் கையால் காயை ஆடியதோ அதே கையால் கிளாக்கை அழுத்த வேண்டும். சந்தேகமோ சண்டையோ வந்தால் கிளாக்கை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கி நடுவரான ஆர்பிட்டரைக் கூப்பிட வேண்டும். எதிராளிப் பையன் "செக்மேட்!" என்று கத்தினால் உடனே கை கொடுத்துவிடக் கூடாது, நிஜமாகவே மேட்தானா என்று பார்க்க வேண்டும். முதல் டோர்னமென்டில் பாதி ஆட்டம் இப்படித்தான் போகும்.

பையில் தண்ணீர், சாப்பாடு, பேனா, ஒரு கதைப் புத்தகம். ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவில் போன் கொடுக்காதீர்கள். ஹாலுக்குள் பிள்ளையின் பையில் போன் இருக்கவே கூடாது. மணி அடித்தால் ஆட்டம் போய்விடும்.

வாசலில் பிள்ளை வரும்போது "வின்னா?" என்று கேட்கும் பெற்றோரில் நானும் ஒருத்தியாக இருந்தேன். இப்போது "பசிக்குதா?" என்பேன். முடிவு எப்படியும் முகத்தில் தெரிந்துவிடும்.

ரேட்டட் போட்டிக்கு அவசரம் இல்லை. அதற்கு முன் அகில இந்தியச் செஸ் கூட்டமைப்பில் பிள்ளையைப் பதிய வேண்டும். பிறப்புச் சான்றிதழ் தேவைப்படும். ஃபிடே அடையாள எண் அதன் வழியாக வரும். ரேட்டிங் கிடைக்க, ரேட்டிங் உள்ள எதிராளிகளோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடியிருக்க வேண்டும், ஒரே டோர்னமென்டிலேயே என்றில்லை. வந்த பிறகு ரேட்டிங் ஏறி இறங்கும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு ஆட்டத்தின் தாக்கமும் பெரியவர்களுக்கு இருப்பதைவிட அதிகம். இரண்டு நாளில் 80 புள்ளி போகும், அடுத்த மாதம் வரும். போனைத் திறந்து தினமும் அதைப் பார்க்கும் நோய் பெற்றோருக்குத்தான் வருகிறது.

வயதுப் பிரிவுப் போட்டிகள் நம் நாட்டில் 7, 9, 11, 13, 15, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று நடக்கின்றன. மாவட்டத்தில் தேர்வானால் மாநிலம், அங்கிருந்து தேசியம். பெண்பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆனால் அதில் மட்டும் ஆட வைக்காதீர்கள். பொதுப் பிரிவிலும் ஆடட்டும். எதிராளிகள் அதிகம், ஆட்டம் அங்கே வேகமாக வளரும்.

எப்போது கோச்சை மாற்றுவது

மூன்று டோர்னமென்ட் சரியாகப் போகவில்லை என்பதற்காக மாற்றாதீர்கள். வராந்தாவில் யாரோ ஒரு அப்பா, "எங்க கோச்சுகிட்ட வாங்க" என்று சொன்னதற்காகவும் வேண்டாம். அந்தத் தோற்ற ஆட்ட நோட்டைப் புரட்டுங்கள். ஆறு மாதத்துக்கு முன் "ராணியைச் சும்மா கொடுத்துட்டேன்" என்றிருந்த வரி இப்போது "எண்ட்கேமில் ராஜாவைத் தாமதமா கொண்டுவந்தேன்" என்று மாறியிருந்தால் கோச் வேலை செய்கிறார், ரேட்டிங் எப்படி இருந்தாலும். அதே வரி திரும்பத் திரும்ப வருகிறதா? நோட்டோடு போய்க் கோச்சிடம் பேசுங்கள். இரண்டு மாதம் கழித்தும் மாறவில்லை, அல்லது பிள்ளை கிளாஸ் நாளில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறது என்றால் மாற்றலாம்.

பிள்ளைக்கே ஆட்டம் வேண்டாம் என்றாகிவிட்டால் ஒரு மாதம் விடுமுறை விட்டுப் பாருங்கள். பலகையை மட்டும் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

மாற்றுவதானால் சொல்லிவிட்டுப் போங்கள். இது சின்ன உலகம். அதே ஹாலில் அதே வராந்தாவில் அடுத்த ஞாயிறு பழைய கோச்சையும் பார்ப்பீர்கள். எங்கள் முதல் அகாடமிக்காரர் இப்போதும் என் மகளைப் பார்த்தால் "என்னம்மா, எத்தனை பாயின்ட்?" என்று கேட்பார். புதியவரிடம் போகும் முதல் நாள் கோப்பைகளை எடுத்துப் போக வேண்டாம். அந்த நோட்டை எடுத்துப் போங்கள்.